சைக்கிளை விட்ட இடம்

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் காந்தி மார்க்கெட்டில் கத்தரிக்காயும் வாழைப்பூவும் வாங்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தேன். பாலக்கரை ரவுண்டானாவுக்குச் சற்று இப்பால் என் சைக்கிளின் பின்சக்கரம் ஒரு பெருமூச்சு விட்டது. இறங்கிப் பார்த்தால் டயர் தரையோடு தரையாகக் கிடக்கிறது. ஒரே வாரத்தில் இது இரண்டாவது தடவை. தள்ளிக்கொண்டு போய் வழக்கமான கடையில் நிறுத்தினேன்.

கடைக்காரர் டியூபை உருவித் தண்ணீர்ச் சட்டியில் அமுக்கினார். குமிழ் வந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வாரத்துக்கு ரெண்டு பஞ்சர்னா டயரை மாத்திடுங்கம்மா. இல்லேன்னா பஸ்ஸிலே போங்க" என்றார்.

எனக்குக் கொஞ்சம் ரோசம் வந்துவிட்டது. "ஒரே நாளில் நாற்பது பஞ்சர் ஒட்டிக்கொண்டு ஒரு அம்மாள் இந்தத் தேசம் முழுக்கச் சைக்கிளில் சுற்றியிருக்கிறாங்க, தெரியுமா?" என்றேன்.

அவர் உப்புத்தாளால் டியூபைத் தேய்த்துக்கொண்டே, "நாப்பது பஞ்சர் ஒட்டினா அதுலே டியூப் ஏதும்மா? ஒட்டுதான் இருக்கும்" என்றார்.

அவர் நம்பவில்லை. வாசகிகளே, நீங்களாவது நம்புங்கள். நான் சொன்னது கட்டுக்கதை அல்ல.

இந்த அம்மாளின் ஞாபகம் எனக்கு அன்று திடீரென்று வந்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் தெருவில் ஆறு பெண்கள் சேர்ந்து பச்சைமலைக்குப் போவதென்று ஒரு மாத காலமாகத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறோம். துறையூர் வரைக்கும் வேன். சைக்கிள்களையும் அதிலேயே ஏற்றிக்கொள்வது. அங்கிருந்து உப்பிலியபுரம் வழியாகச் சோபனபுரம் வரைக்கும் சைக்கிள். சோபனபுரத்திலிருந்து டாப் செங்காட்டுப்பட்டிக்கு மலைப்பாதை ஏறுகிறதே, அங்கேதான் சண்டை. மலைமேலும் சைக்கிளிலேயே போகவேண்டும் என்று மூன்று பேர். முடியாது, தள்ளிக்கொண்டுதான் போகவேண்டியிருக்கும், அதற்கு அடிவாரத்திலேயே விட்டுவிட்டு நடக்கலாம் என்று மற்ற மூன்று பேர்.

இந்த ஆறு பேரில் மூத்தவர் எங்கள் மாடிவீட்டு டீச்சரம்மா. பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அவர் சைக்கிள் கற்றுக்கொண்டதே ஒரு கதை. 1991-92-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள் அல்லவா? ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள், கல்லுடைக்கிறவர்களும் வயல்வேலைக்காரிகளும், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சைக்கிளில் ஏறினார்கள். அந்தக் கூட்டத்தில் இளம் ஆசிரியையாக இருந்த எங்கள் டீச்சரம்மாவும் ஒருவர். பாடம் சொல்லிக்கொடுக்கப் போன இடத்தில் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு சைக்கிள் பாடம் கற்றுக்கொண்டு வந்தார்.

பச்சைமலைத் திட்டத்தைக் கேட்டதும் சென்னையிலிருக்கும் அவருடைய மகள் போனில் கோபித்துக்கொண்டாளாம். "இந்த வயசிலே உனக்கு மலை என்ன கேக்குது?" என்று. அன்றிலிருந்து டீச்சரம்மா கொஞ்சம் சுணங்கிப் போயிருந்தார். அவருக்குத் தெம்பு ஊட்டலாமே என்றுதான் நாற்பது பஞ்சர் அம்மாளின் சரித்திரத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

அவர் பெயர் ஃபானி புல்லக் வொர்க்மன். 1859-ல் அமெரிக்காவில், மாஸசூஸெட்ஸ் மாகாணத்து வுஸ்டர் நகரில் பிறந்தவர். தகப்பனார் அந்த மாகாணத்தின் கவர்னராகவே இருந்தவர். ஆகவே பணத்துக்குப் பஞ்சமில்லை. 1882-ல் தம்மைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவரான டாக்டர் வில்லியம் வொர்க்மனைக் கல்யாணம் செய்துகொண்டார். டாக்டருக்கு உடம்பு சரியில்லாமல் போகவே தொழிலை விட்டார். குடும்பம் ஜெர்மனிக்குக் குடிபோயிற்று. அங்கே தம்பதிக்குச் சைக்கிள் பைத்தியம் பிடித்தது. நல்ல வேளையாக இருவருக்கும் ஒரே சமயத்தில் பிடித்தது. ஒருவருக்கு மட்டும் பிடித்திருந்தால் வீடு என்ன பாடு பட்டிருக்கும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

அப்போது சைக்கிளே புதுச் சரக்கு. காற்றடைத்த டயரை பெல்பாஸ்ட் நகரத்து மிருக வைத்தியர் டன்லப், தம் சிறு பையனின் மூன்று சக்கர வண்டிக்காகச் செய்து பார்த்தது 1888-ஐ ஒட்டித்தான். அது வந்து பத்து வருஷம்கூட ஆவதற்குள் வொர்க்மன் தம்பதி அல்ஜீரியா, ஸ்பெயின் எல்லாம் சைக்கிளில் சுற்றிப் புத்தகமும் எழுதிவிட்டார்கள். 1897 நவம்பரில் கீழ்த்திசைக்குப் புறப்பட்டார்கள். இலங்கை, இந்தியா, பர்மா, ஜாவா என்று இரண்டரை வருஷம். மொத்தம் 14,000 மைல். இதில் நம் தேசத்தின் தென்முனையிலிருந்து இமயமலை அடிவாரம் வரைக்கும் மட்டும் சுமார் 4,000 மைல் மிதித்திருக்கிறார்கள். புறப்படும்போது ஃபானி அம்மாளுக்கு வயது 38, டாக்டருக்கு 50.

சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்று நினைக்கவேண்டாம். ராமாயணம், மகாபாரதம், புத்த ஜாதகக் கதைகள் எல்லாவற்றையும் படித்துவிட்டு வந்தார்கள். கோயில் கோபுரங்களையும் சிற்பங்களையும் பார்ப்பதற்கென்றே வழியை வகுத்துக்கொண்டார்கள்.

மூட்டையில் என்ன இருந்தது தெரியுமா? தேயிலை, சர்க்கரை, பிஸ்கட், பாலாடைக்கட்டி, டின் மாமிசம், தண்ணீர். ஆளுக்கு ஒரு கம்பளி, தலையணை. எழுதுவதற்குக் காகிதம், மருந்துப் பெட்டி, பஞ்சர் ஒட்டுகிற சாமான். அவ்வளவுதான். நாம் பச்சைமலைக்குப் போட்டிருக்கிற பட்டியலில் புளியோதரை மட்டும் மூன்று டப்பா என்பதை இங்கே வெட்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

வழி நெடுக ரயில் பாதையை ஒட்டியே போனார்கள். சாமான் கிடைக்கும், தங்க இடம் இல்லாவிட்டால் ஸ்டேஷன் வெயிட்டிங் ரூமிலாவது படுக்கலாம். ரயில் ஊர்க்காரர்களான நமக்கு வெயிட்டிங் ரூம் ராத்திரியின் சுகம் நன்றாகத் தெரியும். அதோடு கொசு, எலி. வேளைக்குச் சாப்பாடு கிடைக்காத நாட்கள். அதற்கு மேல்தான் அந்த நாற்பது பஞ்சர். அப்படிப்பட்ட நாளில் ஒவ்வொன்றுக்கும் கால் மணி என்று வைத்தாலும் பத்து மணி நேரம் வெயிலில் உட்கார்ந்து ஒட்டியிருக்கவேண்டும்! இவ்வளவும் கணுக்கால் வரைக்கும் தொங்குகிற பாவாடையோடு.

இப்படி மிதித்து மிதித்து, 1898 கோடையில் சமவெளி வெயில் தாங்காமல் வடக்கே மலைநாட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். இங்கேதான் எங்கள் தெருச் சண்டைக்குத் தீர்ப்பு இருக்கிறது. மலைமேல் சைக்கிளா, நடையா?

சைக்கிள்களை விட்டுவிட்டார்கள்! அத்தனை ஆயிரம் மைல் சுமந்த வண்டிகளைக் கீழே விட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தார்கள். காஷ்மீர், லடாக், கரகோரம் கணவாய். அவர்கள் கால்நடையாகத் தாண்டிய கணவாய்கள் 14,000 அடி முதல் 18,000 அடி வரை. நம் மலைக்கோட்டைப் பாறையின் உயரம் ஏறக்குறைய 270 அடி. உச்சிப் பிள்ளையாரைத் தரிசித்துவிட்டு இறங்குவதற்குள் முழங்கால் என்ன முறையிடுகிறது என்பது உங்களுக்குத் தெரியும். அதைப்போல் சுமார் 67 மலைக்கோட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் 18,000 அடி. அந்த உயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் பாதிதான். நாலு அடி வைத்தால் நின்று மூச்சு வாங்கவேண்டும். தலை வலிக்கும், தூக்கம் வராது, சோறு இறங்காது. இன்றைக்கு மணாலியிலிருந்து லே வரை சைக்கிளிலேயே மலை ஏறிப் போகிற பெண்கள் இருக்கிறார்கள் என்றால், கீழே தார் ரோடும் சைக்கிளில் கியர் வரிசையும் இருக்கின்றன. ஃபானி அம்மாளுக்கு இரண்டும் இல்லை. ஆகவே சைக்கிளை விட்டதில் அவமானம் ஒன்றுமில்லை என்று நமது கட்சியின் சார்பில் தெரிவித்துக்கொள்கிறேன்.

சைக்கிள் யாத்திரையின் கடைசிப் பகுதி என்று நினைத்து ஏறிய மலை அவரை விடவில்லை. 1899-ல் திரும்பி வந்தார். இந்தத் தடவை சைக்கிள் கிடையாது. மத்தியாஸ் ஸுர்பிரிகன் என்ற பெயர்பெற்ற வழிகாட்டியோடு கரகோரத்தில் பியாஃபோ பனியாற்றுப் பக்கம் போய் மூன்று சிகரங்களில் ஏறினார். முதலாவது 18,600 அடி, அடுத்தது 19,450 அடி, மூன்றாவது 21,000 அடி. அதுவரை எந்தப் பெண்ணும் அந்த உயரத்தை எட்டியதில்லை. 1906-ல், 47-ஆம் வயதில், நுன்-குன் மலைத்தொடரில் பின்னக்கிள் பீக் என்ற சிகரத்தில் ஏறினார். இன்றைய கணக்கில் 6,930 மீட்டர். பிராண வாயு டப்பா எல்லாம் இல்லாத காலம். அதைவிட உயரத்துக்கு இன்னொரு பெண் போவதற்கு 1934 வரை ஆயிற்று.

தம்பதி வேலையைப் பங்கிட்டுக்கொண்ட விதமும் எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு வருஷம் அம்மாள் ஆள், சாமான், வழி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டால் ஐயா அளவெடுப்பது, படம் பிடிப்பது. மறு வருஷம் மாற்றிக்கொள்வது. வாசகிகள் இந்தப் பத்தியை மட்டும் கத்தரித்து வீட்டு ஐயா காபி குடிக்கிற இடத்தில் வைக்கலாம்.

1912-ல் சியாச்சின் பனியாற்றை அளக்கப் போனபோது, சுமார் 21,000 அடி உயரத்தில் 'பெண்களுக்கு ஓட்டு வேண்டும்' என்ற தலைப்புள்ள பத்திரிகையைக் கையில் பிடித்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார். அந்தப் படம் இன்றும் பிரசித்தம். அமெரிக்காவில் தேசம் முழுக்கப் பெண்களுக்கு ஓட்டு வந்தது 1920-ல்; நம் சென்னை மாகாணத்தில் 1921-ல். சியாச்சினோ, 1984 முதல் இரண்டு நாட்டு ராணுவங்கள் எதிரெதிரே நிற்கிற இடமாகிவிட்டது.

புகழ்ச்சி மட்டும் எழுதிக்கொண்டு போனால் அது நியாயமாகாது. அம்மாளுக்குச் சுமைதூக்குகிறவர்களோடு ஓயாத தகராறு. 1898-ல் சிக்கிம் பக்கம் போகப் பெரிய ஏற்பாடு செய்தார். பருவம் தப்பிவிட்டது, குளிர் வந்துவிட்டது. சுமைக்காரர்கள் இவர் நினைத்த வேகத்துக்கு நடக்கவில்லை. யாத்திரை பாதியில் நின்றது. குற்றமெல்லாம் அவர்கள்மேல்தான் என்று புத்தகங்களில் பக்கம் பக்கமாகப் புகார். உறையும் குளிரில் அடுத்தவர் மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு நடக்கிறவனுக்கும் சொல்ல ஒரு கட்சி இருந்திருக்கும். அதை எழுத அவனிடம் காகிதம் இல்லை. 'வொர்க்மன்' என்றால் வேலையாள் என்று அர்த்தம். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு வேலையாட்களை இப்படி ஏசியிருக்கவேண்டாம்.

போட்டி மனப்பான்மையும் சாமானியமானதல்ல. 1908-ல் ஆன்னி பெக் என்ற இன்னொரு அமெரிக்கப் பெண்மணி பெரு தேசத்தில் தாம் ஏறிய சிகரம் இதைவிட உயரம் என்று சொன்னார். ஃபானி அம்மாள் சும்மா இருப்பாரா? சொந்தச் செலவில் 13,000 டாலர் கொடுத்து நில அளவைக்காரர்களைப் பெருவுக்கு அனுப்பி அந்த மலையை அளக்கச் சொன்னார். அளந்து பார்த்ததில் பெக் அம்மாளின் மலை குட்டையாகிவிட்டது! குழாயடியில் குடத்துக்காக நடக்கிற சண்டையைக் கேலி செய்கிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

இவ்வளவையும் எழுதி எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாடிக்குப் போனேன். டீச்சரம்மா சகாயமாதா கோயில் பூசைக்குப் போய்விட்டு வந்து, முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நான் வாசிக்க வாசிக்கச் சிரித்தார். நாற்பது பஞ்சருக்கு ஒரு சிரிப்பு, நில அளவைக்கு ஒரு சிரிப்பு.

பிறகு, அதுவரை அவரிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒரு பகுதிக்கு வந்தேன். தயங்கினேன். மாடிவீட்டுக் கூடத்தில் ஒரு சிறுவனின் படம் மாட்டியிருக்கிறது. டீச்சரம்மாவின் இளைய பிள்ளை. ஒன்பது வயதில் மூளைக் காய்ச்சலில் போய்விட்டான். அவனைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை. ஆனாலும் மறைத்து வாசிப்பது சரியல்ல என்று தோன்றியது.

வொர்க்மன் தம்பதிக்கு இரண்டு குழந்தைகள். பெரியவள் ரேச்சல், சின்னவன் ஸீக்ஃப்ரிட். 1893-ல் இன்ஃபுளுயன்சாவும் நிமோனியாவும் சேர்ந்து அந்தப் பையனைக் கொண்டுபோய்விட்டன. அவனுக்கு நாலு வயது. அதற்குப் பிறகுதான் அம்மாள் நெடும் பயணங்களில் முழுக்க இறங்கினார். 1899-ல் ஏறினாரே, மூன்று சிகரங்கள்? அதில் முதல் சிகரத்துக்கு 'ஸீக்ஃப்ரிட்ஹார்ன்' என்று பெயர் வைத்தார். ஸீக்ஃப்ரிட்டின் கொம்பு, அதாவது அவன் பெயரில் ஒரு கொடுமுடி.

டீச்சரம்மாவின் கை கீரையில் அப்படியே நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, "ரெண்டாவது மலைக்கு?" என்று கேட்டார்.

"தம்முடைய பெயரையே வைத்துக்கொண்டார். மவுண்ட் புல்லக் வொர்க்மன்."

"மூணாவது?"

"கோஸர் குங்கே. அதற்கு ஏற்கெனவே அந்த ஊர்ப் பெயர் இருந்தது."

"அந்தப் பொண்ணு எங்கே இருந்தா அப்போ?"

"இங்கிலாந்தில். விடுதிப் பள்ளிக்கூடத்தில்."

"அவ பேரிலே ஒண்ணும் இல்லையா?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. அந்த மூன்றில் இல்லை என்றேன். எத்தனையோ பக்கம் படித்தும் எனக்கு இப்படிக் கேட்கத் தோன்றவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ரேச்சலைப் பற்றிப் படித்திருந்ததைச் சொன்னேன். அவள் வளர்ந்து பாறைகளைப் பற்றிய சாஸ்திரம் படித்தாள். லண்டன் நிலவியல் சங்கத்தில் 1919-ல் முதல் முதலாகப் பெண்களைச் சேர்த்தபோது சேர்ந்தவர்களில் அவளும் ஒருத்தி. கணவர் அலெக்ஸாண்டர் மக்ராபர்ட், நம் கான்பூரில் கம்பளி மில் நடத்திப் பெரும் பொருள் சேர்த்தவர். மூன்று பிள்ளைகள். மூத்தவன் 1938-ல் விமான விபத்தில் இறந்தான். மற்ற இருவரும் விமானப் படையில் சேர்ந்து 1941-ல் ஒருவன்பின் ஒருவனாகப் போனார்கள். அவர்கள் நினைவாக ஒரு குண்டு விமானம் வாங்க 25,000 பவுன் கொடுத்தாள். அந்த விமானத்துக்கு 'மக்ராபர்ட்டின் பதில்' என்று பெயர் வைத்தார்கள். தாயார் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. ஃபானி அம்மாள் 1925-ல் பிரான்ஸ் தேசத்துக் கான் நகரில் காலமாகிவிட்டார். உயிலில் நாலு பெண்கள் கல்லூரிகளுக்கு 1,25,000 டாலர் எழுதி வைத்திருந்தார்.

டீச்சரம்மா முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நான் காகிதங்களை அடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தெம்பு ஊட்டப் போய் மனத்தைக் கிளறிவிட்டோமே என்று எனக்குச் சங்கடமாக இருந்தது. உள்ளே போனில் பேசுகிற சத்தம் கேட்டது. கோபமான பேச்சு இல்லை. நடுவில் ஒருதரம் சிரிப்புக்கூடக் கேட்டது.

கால் மணி கழித்துக் கையில் இரண்டு டம்ளர் காபியோடு வந்தார்.

"சோபனபுரத்திலே டீக்கடைக்காரர்கிட்டே சைக்கிள் நிறுத்த இடம் கேட்டிருக்கேன்னியே, எத்தனை சைக்கிளுக்குச் சொன்னே?"

"ஆறுக்கு, டீச்சர்."

"ஏழுன்னு சொல்லிடு. அவளுக்கு ஒரு வாடகை சைக்கிளும் பார்த்து வை. ஓட்டி ரொம்ப நாளாச்சாம். உயரம் கம்மியா இருக்கட்டும்."